கட்டிலில் கிடந்த புறநோயாளி

“வலி எத்தனை?” என்று நர்ஸ் கேட்டதும் வெர்லின் ஸ்டிடம் மேற்கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். திங்கட்கிழமை மத்தியானம் விறகு ஏற்றிய டிரக்கின் பின்பக்கத்திலிருந்து சறுக்கி, கீழே கிடந்த அடிமரத்தின் மேல் விழுந்தவர். இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, தானாகக் கூடிவிடும், ஆனால் கூடும்வரை பாடுதான் என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். இன்று வியாழன் காலை. இடது காலை இன்னும் தரையில் வைக்க முடியவில்லை.

“பூஜ்யம்னா வலியே இல்லை. பத்துன்னா உயிர் போகுது,” என்று ஞாபகப்படுத்தினாள் நர்ஸ் மார்வா. மூன்று நாளாக நாலு மணி நேரத்துக்கொரு தரம் இதையே சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருக்கும்.

“ரெண்டு இருக்கும் மேடம்.”

“ரெண்டா? விடியக்காலையில உங்களைத் திருப்பிப் படுக்க வச்சப்போ என் கையை முறிக்கப் பார்த்தீங்களே ராசா.”

“அது திருப்பினப்போ. இப்போ சும்மாதானே கிடக்கேன்.”

மார்வா சிரித்துக்கொண்டே சுவரோரக் கணினியில் இரண்டு என்று தட்டிவிட்டுப் போனாள்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த மகள் ஷெல்பி அதைக் கவனிக்கவில்லை. அப்பாவின் சவரக்கத்தியையும் இரண்டு பைஜாமாவையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்று அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். மூன்று வாரம் அங்கே தங்கி, கம்பியைப் பிடித்து நடக்கப் பழகி, பிறகு வீட்டுக்கு வருவார். வீட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் ஆற்றோரம் இருந்த ஓர் இல்லத்தை அவளே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. முதியவர்களுக்கான அரசு காப்பீடான மெடிக்கேர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் இருபது நாள் செலவு முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். திங்கள், செவ்வாய், புதன். மூன்று ராத்திரி சரியாக முடிந்துவிட்டது.

இந்த விவரமெல்லாம் ஷெல்பிக்குத் தெரியும். ஸ்பைஸ்வுட் ஓடைக் கரையில் வாழும் நாற்பது குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்த முதல் ஆள் அவள்தான். அதுவும் பொது சுகாதாரத்தில் பட்டம். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் வேலை. அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் போதும், ஓடைக்கரை முழுக்க அதைப் பிரிக்காமல்கூட எடுத்துக்கொண்டு அவளிடம் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தால் காரின் மேல் நாலு உறை வைத்திருப்பார்கள். அவள் படித்துச் சொல்வாள், நிரப்பிக் கொடுப்பாள், எங்கே கையெழுத்து என்று விரலை வைப்பாள். அப்பா அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். வாய் திறந்து பெருமை பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

வலி விஷயத்திலும் அப்படித்தான். அந்த ஓடைக்கரை ஆண்களிடம் வலிக்கு எண் கேட்பது வீண் வேலை. அவர்கள் கணக்கில் நாலு என்றால் எலும்பு வெளியே தெரிய வேண்டும். ஐந்து என்பது அழுகிறவனுக்கு. ஆறுக்கு மேல் பிரசவத்துக்கு ஒதுக்கியது. வெர்லினின் அண்ணன் மாரடைப்போடு நாய்களுக்குச் சோறு வைத்துவிட்டு, தானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து, “மூணு இருக்கும், தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்று சொன்னவர். மறுநாள் செத்துப் போனார்.

எட்டு மணிக்கு அறைக்குள் வந்தவள் மிஸஸ் புரூவிட். நோயாளிகளை வீட்டுக்கோ வேறு இடத்துக்கோ அனுப்பிவைக்கும் ஏற்பாடுகளைப் பார்க்கிறவள். கையில் ஒரு கோப்பு. உட்காரவில்லை.

“பராமரிப்பு இல்லத்துல கட்டில் இருக்கு,” என்றாள். “ஆனா காப்பீடு பணம் கொடுக்காது. நீங்களேதான் கட்டணும். ஒரு நாளைக்கு முந்நூறு டாலருக்கு மேல வரும்.”

ஷெல்பி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “இல்ல மேடம், மூணு ராத்திரி ஆயிடுச்சே. இருபது நாளைக்கு அவங்கதான் கட்டணும்.”

“உள்நோயாளியா மூணு ராத்திரி இருந்திருந்தா கட்டுவாங்க. உங்க அப்பா கண்காணிப்புல இருந்தார். அட்மிஷன் போடலை. கணக்குப்படி அவர் புறநோயாளி.”

“கட்டில்லதானே படுத்திருந்தார்?”

“ஆமா.”

“கையில பட்டை கட்டியிருக்கீங்க. மூணு நாளா சாப்பாடு கொடுத்தீங்க.”

“ஆமா. கண்காணிப்புல இருக்கிறவங்களுக்கும் அதெல்லாம் உண்டு.”

“அப்போ நான் இங்க இல்லையா?” என்று கேட்டார் வெர்லின். இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள். “இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான். நேத்து ராத்திரி அந்தப் பச்சை ஜெல்லியைச் சாப்பிட்டது யாருன்னு யாராவது சொன்னா தேவலை. கண்றாவியா இருந்தது.”

மிஸஸ் புரூவிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கெட்டவள் இல்லை. பதினைந்து வருஷமாக இந்தச் சேதியை வாரத்துக்கு இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

“இதை ஏன் முதல்லயே சொல்லலை?” என்று கேட்டாள் ஷெல்பி. குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. “சொல்லியிருந்தா முதல் நாளே டாக்டரைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன்ல?”

மிஸஸ் புரூவிட் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டிலோர மேஜையில் வைத்தாள். வைத்த விதத்திலேயே ஷெல்பிக்குப் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஒரு பெண் பேனாவும் தாளுமாக வந்து நின்றாள். அம்மா ஓலெட்டா தாளை வாங்காமலே மகளைக் காட்டி, “அவகிட்ட கொடும்மா, அவ படிச்சவ” என்றாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், “விளக்கிச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம். நான் சுகாதாரத் துறையிலதான் இருக்கேன்” என்றாள் ஷெல்பி. தலைப்பைப் பார்த்தாள். முதல் வரியைப் பார்த்தாள். நீங்கள் மருத்துவமனையில் புறநோயாளியாகக் கண்காணிப்பில் இருக்கிறீர்கள் என்று அந்த முதல் வரியிலேயே இருந்தது. அதன் கீழே, பராமரிப்பு இல்லத்துக்கு இது எப்படிக் குந்தகம் என்று தனிப் பத்தியே இருந்தது. அவள் அதையெல்லாம் படிக்காமலே கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டாள். அலுவலகத்தில் நூறு தாளில் போட்டுப் பழகிய இழுப்பு. ஓலெட்டா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள், பார்த்தாயா என்பதுபோல.

இப்போது அந்தக் கையெழுத்து மேஜையில் கிடந்தது.

“என்ன தாள் அது?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா,” என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வராந்தாவுக்குப் போய் ஃபோனை எடுத்தாள். மெடிக்கேர் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டாள். கடைசியில் கிடைத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“முதல்ல உள்நோயாளின்னு போட்டு, அப்புறம் ஆஸ்பத்திரியே அதைக் கண்காணிப்புன்னு மாத்தியிருந்தா நீங்க மேல்முறையீடு பண்ணலாம் மேடம். உங்க அப்பாவுக்கு அப்படி மாத்தலையே.”

“ஆரம்பத்துலேருந்தே தப்பாப் போட்டாங்க.”

“ஆரம்பத்துலேருந்தே அப்படி இருந்தா மேல்முறையீடு கிடையாது.”

“அதாவது பாதியில தப்புப் பண்ணினாத்தான் தப்பு. முதல்லேருந்தே பண்ணினா சரி.”

“நான் அப்படிச் சொல்லலை மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேறு உதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்தது மாநிலத்தின் காப்பீட்டு ஆலோசனை எண். அங்கே ஒரு ஆள் உடனே எடுத்தார். எந்த மாவட்டம் என்று கேட்டார். சொன்னாள்.

“நல்லதாப் போச்சு. உங்க மாவட்டத்துல நேர்லயே உதவி பண்ண ஒருத்தர் இருக்காங்க. இந்த மாதிரி விஷயத்துக்குன்னே பயிற்சி எடுத்தவங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?”

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில் பேனா நின்றது. அது அவள் மேஜையின் எண். ஏப்ரலில் ஓய்வுபெற்றுப் போன பெண்மணி, “இந்தப் பட்டியல்ல என் பேருக்குப் பதிலா உன் பேரைப் போட்டுடறேன் கண்ணு, யாரும் கூப்பிட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. பயிற்சி என்பது கணினியில் மூன்று மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடித்தாள்.

“எழுதிட்டீங்களா மேடம்?”

“அவங்க இன்னைக்கு லீவு,” என்றாள் ஷெல்பி.

“அப்போ நாளைக்குக் கூப்பிட்டுப் பாருங்க. ரொம்ப நல்லாப் பேசுவாங்கன்னு கேள்வி.”

ஃபோனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே ஒரு விளம்பரப் பலகை. வெள்ளை முடிக் கிழவர் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் உடல்நலம் உங்கள் கையில் என்று எழுதியிருந்தது. அதே பலகை அவள் அலுவலகத்திலும் இருக்கிறது. அவள்தான் ஏணி போட்டு மாட்டினாள்.

டாக்டர் ஆஷ்மோர் மூன்று அறை தள்ளி வெளியே வந்தபோது அவர் வழியை மறித்தாள். முப்பது வயது தாண்டாதவர். வாரம் ஒரு ஊர் என்று சுற்றுகிற டாக்டர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“என் அப்பாவை உள்நோயாளின்னு எழுதுங்க,” என்றாள். “இன்னையிலேருந்து மூணு ராத்திரின்னாலும் சரி. அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போறோம்.”

அவர் கையிலிருந்த திரையில் தேடினார். “எழுதக் காரணம் வேணுமே. ரத்த அழுத்தம் சரியா இருக்கு. காய்ச்சல் இல்ல. ஆபரேஷன் இல்ல. வலி…” விரலால் இழுத்துக்கொண்டே போனார். “ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. மாத்திரையிலேயே அடங்கியிருக்கு.”

“அது அவர் சொன்னது. அவர் அப்படித்தான் சொல்வார். இந்தப் பக்கத்து ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“நான் இந்த ஊருக்கு வந்தே நாலு நாள்தான் ஆகுது,” என்றார் டாக்டர். அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் திரையை அணைத்துவிட்டு யோசித்தார். “இங்க பாருங்க. பத்தரைக்கு பிசியோ வர்றாங்க. எழுப்பி நிக்க வைப்பாங்க. அப்போ நர்ஸ் மறுபடி கேட்பாங்க. ஏழு எட்டுன்னு வந்தா, மாத்திரை போதலைன்னு ஆகும். நரம்பு வழியா மருந்து போடணும். அப்போ உள்நோயாளின்னு எழுத எனக்கு வழி இருக்கு. எழுதறேன்.”

“ஏழு.”

“குறைஞ்சது ஏழு. அவர் வாயாலே சொல்லணும்.”

மணி பத்து ஐந்து.

அறையில் அம்மா வந்திருந்தாள். ஓலெட்டா முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இரும்புச் சட்டி தூக்கியவள். வலது தோள் கிழிந்துபோய்க் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. சீப்பை இடது கையில் பிடித்துத்தான் தலை வாருவாள். அவளிடமும் அப்பாவிடமும் ஷெல்பி நடந்ததைச் சொன்னாள். தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

“பராமரிப்பு இல்லம் இல்லன்னா வீட்டுக்குத்தான்,” என்றாள். “வீட்டுக்குப் பதினோரு படி. உங்களை யார் தூக்குவா? நான் காலையில ஏழரைக்கு வேலைக்குப் போயிடுவேன். அம்மாவா தூக்குவா?”

ஓடை பெருகி வீட்டுக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரையில் எல்லோரும் வீட்டைத் தூண்மேல் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

“தூக்கிவிட நம்ம பசங்க இல்லாமலா போயிட்டாங்க,” என்றார் வெர்லின்.

“படியேத்திடுவாங்க. அப்புறம்? கழிப்பறைக்கு? ராத்திரி புரட்டிப் படுக்க வைக்க? அதுக்கும் பசங்களைக் கூப்பிடுவீங்களா?”

அவர் கையில் கட்டிய பட்டையைத் திருகினார்.

“அப்பா. பத்தரைக்கு அவங்க கேட்கறப்போ எட்டுன்னு சொல்லுங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா பாப்பா?”

“பொய் இல்லப்பா. உங்களுக்கு வலிக்குது. நேத்து பல்லைக் கடிச்சுக் கடிச்சு உங்க தாடை வீங்கியிருக்கு. கண்ணாடி கொண்டு வரட்டா?”

“வலிக்குதுதான். அதுக்காக எட்டா? எட்டுன்னா கத்தணும்.”

“கத்துங்க.”

“எதுக்கு? கத்தினா கூடிருமா எலும்பு?”

ஓலெட்டா வாயைத் திறந்தாள். “இந்த மனுஷன் தூங்கறப்போ முனகறதை நான் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். வெர்லின், நீ தூக்கத்துல எட்டு. முழிச்சா ரெண்டு. உன்னை எழுப்பாமலே கேட்கச் சொல்லணும்.”

“உன் தம்பியை மாதிரி ஆகச் சொல்றீங்களா ரெண்டு பேரும்?” என்றார் வெர்லின்.

ஓலெட்டாவின் தம்பி முதுகுவலி என்று எழுதிக்கொடுத்து இருபது வருஷமாக அரசாங்கத்திடம் மாதச் செக் வாங்குகிறவன். வலி நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடைக்கரை முழுக்க அவனுக்கு ‘செக் நொண்டி’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் வெர்லின். சாலையில் பனியை வாரித் தள்ளும் வண்டியை விலா எலும்பு முறிந்த நிலையில் ஒரு மாதம் ஓட்டியவர் என்பதால் அப்படிப் பெயர் வைக்க அவருக்கு உரிமை இருந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

ஷெல்பி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அசைவில் அவர் முகம் சுருங்கியது. உடனே எழுந்தாள்.

“நான் கெஞ்சறேன்பா,” என்றாள். “இதுவரைக்கும் உங்ககிட்ட எதையும் கெஞ்சினதில்ல. கல்லூரிக்குப் போறதுக்குக்கூடக் கெஞ்சலை, சண்டைதான் போட்டேன். இப்போ கெஞ்சறேன். ஒரே ஒரு தடவை. ஏழு சொன்னாக்கூடப் போதும்.”

வெர்லின் அவளையே பார்த்தார். பிறகு போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார்.

“சரி,” என்றார். “பார்க்கலாம்.”

பத்தரைக்கு மார்வாவும் பிசியோவும் சேர்ந்து வந்தார்கள். பிசியோ சின்னப் பெண், ஷெல்பியைவிட இளையவள். இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, முன்னால் அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, “சார், என்கூட ரெண்டே அடி. முடியலைன்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்” என்றாள்.

முடியலை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் வாங்கியதில்லை.

அவர் எழுந்தார். உதடு வெளுத்து, கழுத்திலும் காதோரத்திலும் வியர்வை துளிர்த்தது. சட்டத்தைப் பிடித்த விரல்களின் முட்டி எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல நின்றது. ஒரு அடி வைத்தார். ஒரு சின்னப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டாள் என்பதற்காக இரண்டாவது அடியும் வைத்தார். ஓலெட்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“போதும் சார், போதும்,” என்று பிசியோ பிடித்து உட்கார வைத்தாள்.

மார்வா கணினியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “மிஸ்டர் வெர்லின், இப்போ வலி எத்தனை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல.”

அவர் மகளைப் பார்த்தார். அவர் நிஜமாகவே முயற்சி செய்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உதடு ஏதோ ஒரு எண்ணுக்காகக் குவிந்தது. பிறகு தளர்ந்தது.

“மூணு,” என்றார்.

“மூணரை,” என்றார் வெர்லின், மகளுக்காக. தன்னிடமிருந்த அத்தனையையும் கொடுத்துவிட்டவர்போலப் பின்னால் சாய்ந்தார்.

மார்வாவின் விரல் தட்டவில்லை. அவள் ஷெல்பியைப் பார்த்தாள். ஷெல்பி எழுந்து அவள் அருகில் போனாள்.

“நீங்க பார்த்தீங்களே,” என்றாள் மெல்ல. “உங்க கண்ணாலயே பார்த்தீங்க.”

“பார்த்தேன் கண்ணு. முகம் வெளுத்தது, வியர்த்ததுன்னு எழுதறேன். அதுக்குத் தனி இடம் இருக்கு. ஆனா எண் இருக்கிற இடத்துல நோயாளி சொன்னதைத்தான் போடணும். நான் ஒண்ணைப் போட, நாளைக்கு யாராவது வந்து அவர்கிட்டயே கேட்டா, அவர் என்ன சொல்வார்?”

என்ன சொல்வார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எட்டு சொன்னீர்களா என்று கேட்டால், இல்லவே இல்லை மேடம் என்று அவமானப்பட்டுப் போவார்.

அரைப் புள்ளி போட அந்தக் கணினியில் வழியில்லை. மார்வா மூன்று என்று தட்டினாள். அலுமினியச் சட்டத்தின் துணையோடு இரண்டு அடி நடந்தார் என்று பிசியோ எழுதினாள். அதுவும் உண்மைதான்.

பதினொன்றேகாலுக்கு டாக்டர் ஆஷ்மோர் கதவோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஷெல்பியைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் லேசாக அசைத்தார். மன்னிப்புக் கேட்கிற அசைவு. பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பிசியோ பெண் ஓலெட்டாவுக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தாள். பெல்ட்டை எப்படிக் கட்டுவது, எப்படிப் பிடிப்பது, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எப்படித் தூக்குவது. ஓலெட்டா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தோள் விஷயத்தை அவள் சொல்லவில்லை. ஷெல்பி சொல்ல வாயெடுத்தபோது அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஆள் அடுத்த புதன்கிழமைதான் வருவார் என்று மிஸஸ் புரூவிட் எழுதிக் கொடுத்தாள். ஏழைகளுக்கான காப்பீட்டுக்கும் மனு போட்டுப் பார்க்கலாம், முடிவு தெரிய நாற்பத்தைந்து நாள்வரை ஆகலாம் என்றும் சொன்னாள். அந்த மனுவை எப்படி நிரப்புவது என்று அவள் விளக்க ஆரம்பித்தபோது, “எனக்குத் தெரியும்” என்றாள் ஷெல்பி. சொன்ன பிறகு அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அங்கேயே நின்று படித்தாள். மிஸஸ் புரூவிட் காத்திருந்தாள்.

நாற்பது மைல். மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவிலும் அப்பா கதவின் மேல்பிடியைப் பற்றிக்கொண்டார். பாலம் தாண்டும்போது, “அந்தப் பொண்ணு நல்லா வேலை பார்க்குது” என்றார். எந்தப் பொண்ணு என்று ஷெல்பி கேட்கவில்லை.

வெர்லினின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன்கள் இரண்டு பேர் வாசலில் தயாராக நின்றிருந்தார்கள். சமையலறை நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

“எலும்பு உடைஞ்சவன் கனம் இல்லையே சித்தப்பா இது. மூணு நாளா ஓசிச் சோறு தின்ன கனமால்ல இருக்கு.”

“வாயைக் குறைச்சுப் படியைப் பாருடா. நீ விழுந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, நாற்காலி உடைஞ்சா உங்க சித்தி விடமாட்டா.”

பதினோரு படியும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வெர்லினும் சிரித்தார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்ததைப் பின்னால் வந்த ஷெல்பி பார்த்தாள். முன்னறைச் சாய்வு நாற்காலியில் அவரை இறக்கினார்கள். ஓலெட்டா இருவருக்கும் சோளரொட்டியும் பீன்ஸும் போட்டாள். சாப்பிட்டார்கள், எப்போ வேணும்னாலும் கூப்பிடுங்க என்றார்கள், போய்விட்டார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

வண்டிச் சத்தம் ஓடையோரம் தேய்ந்து மறையும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகும் வெர்லின் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

“ஷெல்பி,” என்றார்.

“சொல்லுங்கப்பா.”

“வண்டி விளக்கை அணைச்சியான்னு பார்த்துட்டு வா.”

பட்டப்பகல். விளக்கே போடவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு பெல்ட்டை எடுத்தாள். கழிப்பறை, நாற்காலியிலிருந்து ஒன்பது அடி தூரத்தில் இருந்தது.

“நானும் பிடிக்கிறேன்பா,” என்றாள் ஷெல்பி.

“வண்டியைப் போய்ப் பாருன்னேன்.”

அவள் போனாள். படிகளில் இறங்கிச் சரளைக்கல்லில் நடந்து காரின் அருகில் போய் நின்றாள். விளக்கு எரியவில்லை. அதைப் பார்க்கத்தான் அனுப்பினார், பார்த்தாயிற்று. பட்டம் வாங்கியவள், மாவட்டத்தின் பட்டியலில் பெயர் உள்ளவள், வண்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பு இன்னும் சூடாக இருந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்த தாள் உறுத்தியது.

மேலே ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி நகரும் சத்தம். அம்மாவின் குரல்: “என் கழுத்தைப் பிடிச்சுக்க. அந்தப் பக்கம் வேண்டாம், இந்தத் தோளைப் பிடி.” அப்பா என்னவோ சொன்னார், கேட்கவில்லை. கால் தரையில் உரசியது. மறுபடி உரசியது. அம்மா, “நில்லு, நில்லு வெர்லின், என்னால…” என்றாள். எதுவோ கனமாகச் சுவரில் மோதியது. பிறகு சத்தமே இல்லை.

ஷெல்பி அசையவில்லை. கூப்பிடாமலே அவள் உள்ளே போனால் அவர் மன்னிக்க மாட்டார். அம்மாவே கூப்பிட்டால் அதைவிட மோசம்.

“ஷெல்பி,” என்று அம்மா கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. பக்கத்தில் நிற்கிறவளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள்.

அவள் படியேறினாள். உள்ளே போவதற்குள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருக்கட்டும் என்று, படிகள் சத்தம் கேட்கும்படி அழுத்தி மிதித்து, ஒவ்வொன்றாக ஏறினாள்.